உங்கட எம்.பி. வாக்கெடுப்பு நேரம் எங்க நிண்டவர்? வீட்டில இருந்தே பாக்கிற வழி

எலெக்சன் காலத்தில தேத்தண்ணிக் கடையில இருந்து "இவர் பாராளுமன்றத்துக்குப் போய் என்னத்தைக் கிழிச்சவர்" எண்டு கேக்கிறவையிட்டயும் சரி, "அவரை மாதிரிக் கதைக்க ஆரால ஏலும்" எண்டு சண்டைக்கு வாறவையிட்டயும் சரி, கையில ஒரு துண்டுக் கடதாசி ஆதாரம் இருக்காது. ஒருத்தர் வட்சப்பில வந்த ஒரு நிமிச வீடியோவைக் காட்டுவார், மற்றவர் பேப்பர் தலைப்பைக் காட்டுவார், அவ்வளவுதான். ஆனா ஒரு எம்.பி. சபையில என்ன கதைச்சவர், எந்தச் சட்டத்துக்கு ஆதரவாப் போட்டவர், எதுக்கு எதிராப் போட்டவர், எந்த நேரம் ஆளே இல்லாமல் போனவர் எண்டது பெரும்பாலும் எழுத்தில கிடக்கு. காசு குடுக்கத் தேவையில்லை. ஒரு போனும் டேட்டாவும் ஒரு சீஆர் கொப்பியும் கொஞ்சம் பஞ்சிப்படாத மனமும் இருந்தாக் காணும்.

முதல்ல ஆரைப் பாக்கிறது எண்டு முடிவெடுங்கோ. எங்களுக்கு "என்ர தொகுதி எம்.பி." எண்டு தனியா ஒருத்தர் கிடையாது, விகிதாசார முறை எண்டபடியால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுக்க ஒண்டுதான், கிளிநொச்சியும் அதுக்குள்ளதான். 2020இல 7 பேர் போனவை, 2024 நவம்பர் 14 எலெக்சனில அது 6 ஆக் குறைஞ்சுது. அந்த ஆறில மூண்டு தேசிய மக்கள் சக்திக்கு, மிச்சம் மூண்டில தமிழரசுக் கட்சிக்கு ஒண்டு, சைக்கிள் சின்னத்தில கேட்ட அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு ஒண்டு, 17ஆம் இலக்க சுயேச்சைக் குழுவுக்கு ஒண்டு. அப்ப நீங்கள் பூநகரியில இருந்தாலும் வட்டுக்கோட்டையில இருந்தாலும் ஆறு பேரும் உங்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஆக்கள்தான். ஆறு பேரையும் ஒரே கொப்பியில போடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா பிடிக்காத ஆளை மட்டும் தோண்டத் தொடங்கினா நீங்கள் தேடினதுதான் கிடைக்கும், பிறகு அதைப் பேஸ்புக்கில போட்டு ஆரோடயோ சண்டை பிடிக்கத்தான் உதவும்.

ஹன்சாட்தான் அடிப்படை

பாராளுமன்ற வெப்சைட்டுக்குப் போய் மொழியைத் தமிழுக்கு மாத்தினா ஹன்சாட் எண்டு ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு அமர்வு நாளுக்கும் ஒரு பிடிஎப். சபையில கதைச்சது முழுக்க, சொல்லுக்குச் சொல், குறுக்கிட்டுக் கத்தினது வரைக்கும் அதில வரும். அமர்வு முடிஞ்சு கொஞ்ச நாளில போடுறது "பிழை திருத்தப்படாதது" எண்டு அட்டையில அடிச்ச பிரதி, பிறகு காலம் போகத் திருத்தின பிரதி வரும்.

ஹன்சாட்டில ஒரு விசயம் தெரிஞ்சு வைச்சிருக்கோணும், உறுப்பினர் எந்த மொழியில கதைச்சவரோ அந்த மொழியிலதான் அச்சில இருக்கும். தமிழில கதைச்சா தமிழ், சிங்களத்தில கதைச்சா சிங்களம், இங்கிலீசில கதைச்சா இங்கிலீஸ், மொழிபெயர்ப்பு உள்ளுக்கு இருக்காது. அப்ப எங்கட எம்.பி.மாரின்ர பேச்சை நீங்கள் நேரவே வாசிக்கலாம், ஆனா அமைச்சர் சிங்களத்தில சொன்ன பதிலை வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிக்கவேண்டி வரும், பதிலைப் பாக்காமல் கேள்வியை மட்டும் வைச்சு ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. இன்னொரு சங்கதியும் இருக்கு. சில ஆக்கள் கொழும்பில இங்கிலீசில கதைக்கேக்க ஒரு தொனி, அதே கிழமை சனிக்கிழமை இஞ்ச வந்து தமிழில கதைக்கேக்க வேறயொரு தொனி. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிச்சுப் பாருங்கோ, ஒரே ஆள்தானோ எண்டு வரும். எல்லாரும் அப்பிடி எண்டு இல்லை, ஆனா பாக்கவேண்டிய இடம் அது.

பிடிஎப்பில பேரைத் தமிழில டைப் பண்ணித் தேடினா கனக்க நேரம் ஒண்டும் வராது, முக்கியமாப் பழைய பிரதிகளில, எழுத்துரு வேற. "இவர் அண்டைக்குக் கதைக்கவே இல்லை" எண்டு அதை வைச்சு எழுதிப்போடாதேங்கோ. இங்கிலீஸ் எழுத்தில பேரை அடிச்சுப் பாருங்கோ, பேச்சாளரின்ர பேர் தலைப்பில மூண்டு மொழியிலயும் வாறபடியால் அது கூடுதலா வேலை செய்யும். அதுவும் வரேல்லை எண்டா முன்பக்கத்துப் பொருளடக்கத்தைப் பாத்து, எந்த விவாதம் எண்டு பிடிச்சு, கையால புரட்டுறதுதான். மினக்கெடத்தான் வேணும்.

கிழமைக் கணக்கு: வழக்கமா மாசத்தில ரெண்டு கிழமை, செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் சபை கூடும். பட்ஜெட் காலத்தில மட்டும் நெருக்கமா நடக்கும். அப்ப மாசத்தில எட்டு நாள் பிடிஎப்தான் கணக்கு, மலைக்கத் தேவையில்லை.

வாக்கைக் கண்டுபிடிக்கிறது

ஒரு சட்டமூலம் முதல்ல வர்த்தமானியில வரும், பிறகு சபையின்ர ஒழுங்குப் பத்திரத்தில ஏறும், அதில இருந்து 14 நாளுக்குள்ள ஆரும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், பிறகு ரெண்டாம் வாசிப்பு விவாதம், பிறகு குழுநிலை, பிறகு மூண்டாம் வாசிப்பு. வாக்கெடுப்பு இதில எந்த இடத்திலயும் நடக்கலாம், நடக்காமலும் விடலாம். ரெண்டாம் வாசிப்பு எண்டது "இந்தச் சட்டம் அடிப்படையில சரியோ பிழையோ" எண்டதுக்கு, குழுநிலை எண்டது ஒவ்வொரு வாசகமா. அப்ப "சட்டத்துக்கு எதிரா வாக்களிச்சன்" எண்டு ஒருத்தர் சொன்னா எந்தக் கட்டத்தில எண்டு கேக்கோணும்.

சபாநாயகர் முதல்ல வாயாலதான் கேப்பார், ஆதரவானவை ஒரு சத்தம் போடுவினம், எதிரானவை ஒரு சத்தம் போடுவினம், அவர் காதில விழுந்ததை வைச்சு முடிவைச் சொல்லுவார். ஆராவது ஒரு உறுப்பினர் எழும்பி வாக்கெடுப்பு வேணும் எண்டு கேட்டாத்தான் மணி அடிச்சு, வெளியில நிக்கிறவை உள்ளுக்கு வர விட்டு, மெசினில பட்டனை அமத்தியோ பேர் கூப்பிட்டோ எண்ணுவினம். பேர் பேரா ஹன்சாட்டில வாறது இந்த ரெண்டாவது வகை மட்டும்தான். வாய்மூலம் நிறைவேறினதில ஆர் எந்தப் பக்கம் எண்டு ஒரு பதிவும் இல்லை. இது சும்மா சின்ன விசயம் எண்டு நினைச்சா 2018 நவம்பர் 14ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கோ. மஹிந்த பிரதமரா இருந்த அந்தக் குழப்ப நேரம், நம்பிக்கையில்லாப் பிரேரணை கூச்சலுக்குள்ள குரல் வாக்காலதான் நிறைவேறினது, சபாநாயகர் கரு ஜயசூரிய நிறைவேறினது எண்டார், ஜனாதிபதி மைத்திரி முறை பிழை எண்டு ஏக்க மாட்டன் எண்டார். அண்டைக்கு ஆர் எந்தப் பக்கம் எண்டதுக்கு ஆதாரமா நிண்டது 122 பேர் போட்ட கையெழுத்துத்தான். ரெண்டு நாள் கழிச்சு சபைக்குள்ள மிளகாய்த்தூள் எறிஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும். அப்ப பிரேரணைகளில ஆர் கையெழுத்துப் போட்டவை எண்டதையும் கொப்பியில ஏத்துங்கோ, சிலநேரம் அதுமட்டும்தான் மிஞ்சும்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் விவாதத்தின்ர கடைசியில, பின்னேரம். ஆனபடியால் பிடிஎப்பைத் திறந்து முதல் பக்கத்தில இருந்து வாசிக்காமல் அந்த விவாதம் முடியிற இடத்துக்குப் போங்கோ. சார்பாக இத்தனை, எதிராக இத்தனை எண்டு எண்ணிக்கை, பேர்ப் பட்டியல். அதுக்குக் கீழ ரெண்டு மூண்டு பக்கமும் பாருங்கோ, "என்ர வாக்கு மெசினில விழேல்லை" எண்டு ஆராவது எழும்பிச் சொல்லிப் பதியவைச்சிருந்தா அங்கதான் கிடக்கும். அதைப் பாக்காமல் ஒரு ஆளைப் போட்டு உதைக்கிறது அநியாயம்.

சட்டத்தின்ர பேரைத் தேடேக்க இலக்கத்தை நம்பாதேங்கோ. 2022 ஒக்டோபர் 21 நிறைவேறினது 22ஆவது திருத்தச் சட்டமூலம் எண்டுதான் எல்லாப் பேப்பரிலயும் இருக்கும், நிறைவேறினாப் பிறகு அது அரசியலமைப்புக்கான 21ஆவது திருத்தம் ஆயிட்டுது. ரெண்டும் ஒண்டுதான். ரெண்டாம் வாசிப்பில 179 பேர் ஆதரவு, எதிர்த்தது ஒரே ஒருத்தர், சரத் வீரசேகர. இலக்கத்தை மட்டும் வைச்சுத் தேடினா இல்லாத ஒரு சட்டத்தைத் தேடிக்கொண்டு இருப்பியள், திகதியை வைச்சுத் தேடுங்கோ.

மூண்டாவது பட்டியல்

இனித்தான் விசயம். ஹன்சாட்டில ரெண்டு பட்டியல் இருக்கும், ஆனா நீங்கள் மூண்டாவது ஒண்டைக் கட்டோணும், ரெண்டிலயும் பேர் இல்லாத ஆக்கள். அதை ஆரும் அச்சடிச்சுத் தரமாட்டினம்.

கணக்கைப் பாருங்கோ. 2022 மார்ச் 22, பயங்கரவாதத் தடைச் சட்டத் திருத்தம். 1979இல தற்காலிகம் எண்டு சொல்லிக் கொண்டுவந்து எங்கட எத்தினை வீட்டுப் பிள்ளையளை உள்ளுக்குப் போட்ட சட்டம், அதின்ர திருத்தம். சார்பாக 86, எதிராக 35. கூட்டினா 121. சபை 225 பேர். தலைமை தாங்கிறவர் சமனா வந்தாத்தான் வாக்குப் போடலாம் எண்டபடியால் அவரைக் கழியுங்கோ, மிச்சம் 103 பேர். நூற்றுமூண்டு பேர் அந்த நேரம் ரெண்டு பக்கத்திலயும் இல்லை! அரசாங்கத்தின்ர ஆக்களும் அதுக்குள்ள இருக்கினம், எதிர்க்கட்சி ஆக்களும் இருக்கினம். இப்ப அந்த நாள் ஹன்சாட்டை எடுத்து, வடக்குக் கிழக்கில இருந்து போன ஒவ்வொருத்தரின்ர பேரையும் ரெண்டு பட்டியலிலயும் தேடுங்கோ. ஆர் எந்தப் பட்டியல் எண்டு நான் சொல்லித் தாறதை விட நீங்களே தேடிப் பாத்தாத்தான் கையில பழக்கம் வரும்.

அதே மாதிரி 2024 ஜனவரி 24, நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பேஸ்புக்கில எழுதுறவை எல்லாருக்கும் சம்பந்தப்பட்டது. ரெண்டாம் வாசிப்பில 108க்கு 62. மொத்தம் 170, தலைமையைக் கழிச்சா 54 பேரைக் காணேல்லை. அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் சொன்ன மாதிரித் திருத்தாமல் விட்டிட்டினம் எண்டு பிறகு பெரிய பிரச்சினையாகி, சபாநாயகருக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, மார்ச் மாசம் 75க்கு 117 எண்டு தோத்தது. ரெண்டு வாக்கெடுப்பையும் சேத்துப் பாருங்கோ. முதலாவதில ஆளைக் காணேல்லை, ரெண்டாவதில வீரமாப் பேச்சு எண்டா அதைக் கொப்பியில எழுதத்தான் வேணும்.

வராமல் விட்டவர் எல்லாரும் கள்ளர் எண்டு நான் சொல்லேல்லை. வருத்தம் துன்பம் இருக்கும், வெளிநாட்டில நிண்டிருப்பார், வழியில நிண்டிருப்பார், யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குப் போய்வாற பாடு எங்களுக்குத் தெரியும்தானே. சபைக்குள்ளயே இருந்துகொண்டு வாக்குப் போடாமல் விலகி இருக்கிறதும் வேற விசயம், அது ஒரு நிலைப்பாடு, ஏன் எண்டு அண்டைக்கே எழும்பிச் சொல்லியிருந்தா அதுக்கு நான் மரியாதை குடுப்பன். நான் பாக்கிறது திரும்பத் திரும்ப வாறதை. சாதாரண நாளில நிண்டு கேள்வி கேக்கிற ஆள், இக்கட்டான வாக்கெடுப்பு வரேக்க மட்டும் ஒவ்வொருமுறையும் ஆளில்லை எண்டா, அது தற்செயல் எண்டு சொல்லிக்கொண்டு இருக்க ஏலாது. ஒரு நாளை வைச்சு முடிவு கட்டாதேங்கோ, ஒரு பத்து வாக்கெடுப்பாவது சேரட்டும்.

வரவுக் கணக்கையும் இதையும் குழப்பக்கூடாது. "இவர் இந்த வருசம் இத்தினை நாள் சபைக்குப் போனவர்" எண்டு செய்தி வரும், நல்லது, ஆனா காலம்பிற போய் பேரைப் பதிஞ்சிட்டு மத்தியானம் கன்ரீனில சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டாலும் அது வரவுதான். மணி அடிக்கேக்க ஆள் இருந்ததோ எண்டதுக்கு வாக்குப் பட்டியல் ஒண்டுதான் சாட்சி. சபை நடக்க 225 பேரில 20 பேர் இருந்தாக் காணும் எண்டதும் ஞாபகம் இருக்கட்டும்.

கட்சி சொன்னதை ஆளின்ர வாக்கு எண்டு எழுதாதேங்கோ

2020 ஒக்டோபர் 22, அரசியலமைப்பின்ர 20ஆவது திருத்தம், 156க்கு 65. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராப் போட்டவர், அவரின்ர கட்சி எம்.பி.மார் நாலு பேர் ஆதரவாப் போட்டவை. தலைவரின்ர அறிக்கையை மட்டும் வாசிச்ச ஆள் "முஸ்லிம் காங்கிரஸ் எதிர்த்தது" எண்டுதான் எழுதியிருப்பார். மூண்டில ரெண்டுக்கு 150 வேணும், 156இல அந்த நாலு பேரையும் சேத்து எதிர்க்கட்சிப் பக்கத்தில இருந்து எட்டுப் பேர், அப்ப அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்கும். தமிழ்க் கட்சிகளுக்கும் இதே பரிசோதனைதான், "எமது கட்சி வன்மையாக எதிர்க்கும்" எண்ட அறிக்கையைப் பக்கத்தில வைச்சிட்டுப் பேர் பேராப் பாருங்கோ.

இரகசிய வாக்கெடுப்பில மட்டும் கை வைக்காதேங்கோ. 2022 யூலை 20 ஜனாதிபதித் தெரிவு, ரணில் 134, டலஸ் 82, அனுர 3, செல்லாதது 4. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலசுக்குப் போடுறம் எண்டு முடிவெடுத்தது, ஆனா உள்ளுக்க ஆர் ரணிலுக்குப் போட்டது எண்டு இண்டு வரைக்கும் கதை ஓடிக்கொண்டுதான் இருக்கு. அது ஒருநாளும் ஆதாரத்தோட தெரியவராது. வாக்குக் கட்டத்தை வெறுமையா விட்டிட்டு, முதல்நாள் பகிரங்கமா என்ன சொன்னவர் எண்டதை மட்டும் எழுதுங்கோ. அண்டைக்கு வாக்குப் போடாமல் விலகி இருந்த ரெண்டு பேர் சைக்கிள் கட்சிக்காரர், அது பகிரங்கமாச் சொல்லிச் செய்தது, அதை எழுதலாம்.

அரசாங்கப் பக்கம் இருக்கிற மூண்டு பேர்

இவையின்ர வாக்கைப் பாத்து ஒண்டும் பிடிக்க ஏலாது. 159 பேரோட இருக்கிற தேசிய மக்கள் சக்தியில ஆள் மாறிப் போட மாட்டார், அரசாங்கம் எதைக் கொண்டு வந்தாலும் சார்பாக எண்ட பட்டியலிலதான் பேர் இருக்கும், முந்தி அரசாங்கத்தோட நிண்டவையும் அப்பிடித்தான். 2025 பட்ஜெட் ரெண்டாம் வாசிப்பில 155க்கு 46, மூண்டாம் வாசிப்பில 159க்கு 45, அதுக்குள்ள இவையைத் தேடிறது நேரச் செலவு. இவையிட்டப் பாக்கவேண்டியது வேற: வாய்மூல விடைக்கான கேள்வி கேட்டவையோ, குழுக்களில என்ன கதைச்சவை, பட்ஜெட்டின்ர குழுநிலையில ஒவ்வொரு அமைச்சின்ர செலவுத் தலைப்பும் வரேக்க கடற்றொழில், காணி, சுகாதாரம் எண்டு எதில எழும்பினவை, இஞ்ச கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில சொன்னதும் அங்க சொன்னதும் ஒண்டோ. ஒருங்கிணைப்புக் கூட்டம் இப்ப லைவ்விலயே ஓடுது, சண்டை பிடிக்கிற துண்டுதான் ரிக்டொக்கில வரும், என்ன தீர்மானம் எடுத்தவை எண்டதை ஆரும் வெட்டிப் போடுறேல்லை. அந்தக் கூட்டக் குறிப்பை மாவட்டச் செயலகத்திட்டக் கேட்டு எடுக்கலாம், எப்பிடி எண்டு கீழ சொல்லுறன்.

எல்லாம் வாக்குக்கு வாறதும் இல்லை. 2025 மார்ச் 28 வந்த காணி வர்த்தமானியை எடுங்கோ, வடக்கில 5,900 ஏக்கருக்கு மேல, உரிமை கோராட்டி அரச காணி ஆகிப்போகும் எண்ட மாதிரி. சபையில அதுக்கு ஒரு வாக்கும் எடுக்கேல்லை. பிறகு எதிர்ப்பு வந்து வாபஸ் வாங்கினவை. இப்பிடியான விசயத்துக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி, மேல அந்தத் திகதியைப் போட்டு, கீழ ஆறு பேரும் எந்தத் திகதி முதல் வாயைத் திறந்தவை, எங்க வைச்சு, என்ன கேட்டவை எண்டு வரிசையா எழுதுங்கோ. எல்லாரும் இப்ப "நாங்கள்தான் நிப்பாட்டினம்" எண்டுதான் சொல்லுவினம், திகதி வரிசை பொய் சொல்லாது.

தனிநபர் சட்டமூலம் கொண்டு வந்தவரோ எண்டதையும் பாருங்கோ, அது கனபேர் செய்யிற வேலை இல்லை. இழுவைமடித் தொழிலைத் தடை செய்த 2017 யூலைச் சட்டம், அப்ப கூட்டமைப்பு எம்.பி.யா இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக் கொண்டு வந்ததில இருந்து தொடங்கினதுதான். சட்டம் வந்தும் இழுவை நிண்டுதோ எண்டது வேற கதை, பருத்தித்துறைப் பக்கம் கேட்டா சொல்லுவினம்.

வெளியில சொன்னது

சபைக்கு வெளியில சொன்னதைச் சேர்க்கிறதுதான் கரைச்சல். யாழ்ப்பாணத்தில ஊடகச் சந்திப்பு, பேஸ்புக் லைவ், அறிக்கை, ஜனாதிபதிக்குக் கடிதம், மார்ச்சும் செப்டெம்பரும் வந்தா ஜெனீவாவில இருக்கிற ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம். செய்தித் தலைப்பை ஒருநாளும் கொப்பியில எழுதாதேங்கோ. "சீறினார்", "விளாசினார்", "பொங்கியெழுந்தார்", "அதிரடி" எல்லாம் எழுதினவரின்ர கைவண்ணம். உள்ளுக்குப் போய் மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற வசனத்தை மட்டும் எடுங்கோ, ரெண்டு பேப்பரில அதே வசனம் இருந்தா இன்னும் நல்லது. வீடியோ எண்டா முழுசு எங்க எண்டு தேடுங்கோ, சபைப் பேச்சு முழுசா யூடியூப்பில கிடக்கும், அதில எத்தினையாவது நிமிசம் எண்டு குறியுங்கோ.

சிலது காணாமல் போகும். சபாநாயகர் ஒரு கூற்றை ஹன்சாட்டில இருந்து நீக்கச் சொல்லலாம், 2025 மார்ச்சில அந்த 17ஆம் இலக்கக் குழுவில இருந்து போன அர்ச்சுனாவின்ர பேச்சுகளை எட்டு அமர்வு நாளுக்கு நேரலை செய்யக்கூடாது எண்டு சபாநாயகர் அறிவிச்சது ஞாபகம் இருக்கும். அந்த அறிவிப்பும் ஒரு பதிவுதான், கொப்பியில ஏத்துங்கோ. பேஸ்புக் பதிவு எண்டா உடன ஸ்கிரீன்சொட் எடுத்து, லிங்க்கை வேபேக் மெசின் எண்ட, இணையப் பக்கங்களைப் பாதுகாத்து வைக்கிற வெப்சைட்டில சேமிச்சு வையுங்கோ, நாளைக்கு அழிச்சிட்டு "நான் அப்பிடிச் சொல்லவே இல்லை" எண்டு வரக்கூடிய ஆக்கள் இருக்கினம்.

சபைக்குள்ள சொன்னதுக்கு வழக்குப் போட ஏலாது, அது சிறப்புரிமை. அதே குற்றச்சாட்டைப் பேர் சொல்லி வெளியிலயும் சொல்லுறாரோ, இல்லாட்டி வெளியில வந்தா "சிலர்", "ஒரு தரப்பு" எண்டு மாத்திறாரோ எண்டு பாருங்கோ, தன்ர கதையில ஆளுக்கு எவ்வளவு நம்பிக்கை எண்டு அதில தெரியும்.

பழைய ஆக்களைப் பாக்கிறதெண்டா, தமிழர் விடுதலைக் கூட்டணிக் காலம், தமிழ்க் காங்கிரஸ் காலம் எண்டு போறதெண்டா, நூலகம் எண்ட இணைய நூலகத்தில பழைய பேப்பர் கனக்க ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், வீட்டில இருந்தே வாசிக்கலாம்.

மந்திரி டொட் எல்கே எண்டு வெரிட்டே ரிசர்ச் எண்ட ஆய்வு நிறுவனம் நடத்திற ஒரு வெப்சைட்டும் இருக்கு, ஹன்சாட்டை வைச்சு எம்.பி.மாருக்கு ரேங்க் போடுறது. எந்தத் தலைப்பில ஆர் கூடக் கதைச்சது எண்டு பாக்க நல்லது, ஆனா ரேங்க் எண்டது எவ்வளவு பங்களிச்சவர் எண்ட கணக்கு, எந்தப் பக்கம் நிண்டவர் எண்டதில்லை. "எங்கட ஆள் முதல் பத்துக்குள்ள" எண்டு துள்ளுறவைக்கு அதைச் சொல்லுங்கோ.

இல்லாததைக் கேட்டு எடுக்கிறது

வெப்சைட்டில இல்லாட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். பாராளுமன்றமும் கச்சேரியும் அதுக்குள்ள வரும். தகவல் அலுவலருக்குத் தமிழிலயே எழுதலாம், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு முடிவு சொல்லோணும், மறுத்தா அல்லது பேசாமல் இருந்தா குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள ஆணைக்குழு. கேள்வியை இறுக்கமாக் கேளுங்கோ. "இவர் என்ன செய்தவர்" எண்டு கேட்டா ஒரு பதிலும் வராது. "இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரை இன்ன உறுப்பினர் சமுகமளித்த அமர்வு நாட்களின் பட்டியல்" எண்டு கேளுங்கோ. பதிவுத் தபாலில அனுப்பி ரசீதைக் கொப்பிக்குள்ள ஒட்டி வையுங்கோ.

கொப்பி

பெரிய கம்பியூட்டர் வேலை ஒண்டும் வேண்டாம். ஒரு வாக்கெடுப்புக்கு ஒரு பக்கம். மேல திகதி, சட்டத்தின்ர பேர், எந்த வாசிப்பு, எத்தினைக்கு எத்தினை. கீழ ஆறு பேர். ஒவ்வொரு பேருக்கும் நேர சார்பு, எதிர், விலகல், பேர் இல்லை எண்டதில ஒண்டு. பக்கத்தில அண்டைக்குக் கதைச்சவரோ, ஹன்சாட்டில எத்தினையாம் பக்கம். அதுக்குப் பக்கத்தில அந்த வாக்கெடுப்புக்கு ரெண்டு கிழமை முன்னும் பின்னும் இஞ்ச வெளியில என்ன சொன்னவர், ஒரே ஒரு வசனம், அவற்ற வாயால வந்த வசனம், திகதியோட. உங்கட கருத்தை அந்தப் பக்கத்தில எழுதாதேங்கோ, "துரோகி", "மாவீரன்" எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு.

ஊரில ரெண்டு மூண்டு பேர் சேந்தா லேசு, ஒராள் பட்ஜெட், ஒராள் காணியும் கடலும், ஒராள் அரசியலமைப்பு எண்டு பிரிக்கலாம். ஏஎல் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையளுக்கு விட்டுப் பாருங்கோ, எங்களை விட வடிவாச் செய்வினம்.

ஆரையும் பற்றிப் பொதுவில போடமுதல் அந்தப் பக்கத்தை அவற்ற அலுவலகத்துக்கு அனுப்பி, "இந்த வாக்கெடுப்பில உங்கட பேர் இல்லை, ஏன்?" எண்டு கேளுங்கோ. பதில் வந்தா அப்பிடியே சேத்துப் போடுங்கோ, வராட்டி எண்டைக்குக் கேட்டனாங்கள் எண்டதைப் போடுங்கோ. ஹன்சாட் பக்கத்தின்ர படத்தையும் கட்டாயம் சேருங்கோ, மேல சொன்ன அந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுக்குத்தான் வலை போடுறது, அச்சடிச்ச பக்கம் கையில இருந்தா பயம் இல்லை.

கடைசியா ஒண்டு, திருத்தப்படாத பிரதியை டவுன்லோட் பண்ணின உடன திகதி போட்ட பேரில சேமியுங்கோ, திருத்தின பிரதி வந்தாலும் முதலாவதை அழிக்காதேங்கோ. உறுப்பினர்மார் திருத்தம் இருந்தா பிரதி கிடைச்சு ரெண்டு கிழமைக்குள்ள ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம் எண்டு அந்தப் பிடிஎப்பிலயே போட்டிருக்கும். முக்கியமான பேச்சு எண்டா ரெண்டு பிரதியையும் திறந்து வைச்சு அந்தப் பந்தியை வரிவரியா ஒத்துப் பாருங்கோ, அங்கயும் குழப்பம் எண்டா யூடியூப் வீடியோவில அந்த நிமிசத்தைப் போட்டுக் கேளுங்கோ.